நாடக மேடையும் அங்கவீனரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது கலாசாலைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு நாடகம் நடைபெற்றது. அதனைப் பயிற்றுவித்தவன் யானே. அந்நாடகத்திற் கண்ணிழந்த முதியவர் ஒருவர் வருகின்றார். அப்பாத்திரத்தை ஏற்ற மாணவர் நல்ல குரலும் மிக்க ஊக்கமும் உடையவர். ஒரு திங்கள் முழுவதும் கண்ணைத் துணியாற் கட்டிக்கொண்டு விடுதித் தாழ்வாரத்தில் நடந்து பழகினார். விழாவன்று அவர் கைகளை முன்னே நீட்டித் தடவிக்கொண்டு, நாற்காலியில் மோதி, கதவு நிலையில் இடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தபோது சபையோர் முதலில் நகைத்தனர். பின்னர்க் கண்ணீர் உகுத்தனர். முடிவில் எழுந்த கரகோஷம் அடங்க நெடுநேரமாயிற்று. நடிப்புக்குரிய முதற் பரிசும் அவருக்கே கிடைத்தது. யானும் பெருமிதங் கொண்டேன்.

மறுநாட் காலை, தமிழ் இளங்கலை வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நாடகத்தை முன் வரிசையில் அமர்ந்து கேட்டவர். "நாடகம் எப்படி இருந்தது, தம்பி?" என வினவினேன். "நன்றாயிருந்தது, ஐயா, ஓர் ஐயம் மட்டும் உண்டு. அந்தப் பெரியவர் நாற்பது ஆண்டுகளாக அதே வீட்டில் வாழ்பவர் என்று கதையிற் சொல்லுகிறார்கள். தம் சொந்த வீட்டில் அவர் ஏன் நாற்காலியில் மோதிக்கொண்டே இருந்தார்?" என்றார். யான் விடை கூற மாட்டாது விழித்தேன். பார்வையுள்ளவன் கண்ணைக் கட்டிக்கொண்டால் எவ்வாறு தடுமாறுவான் என்பதையே நாங்கள் ஒரு மாதம் பயின்றிருந்தோம். பார்வையில்லாதவர் தம் இல்லத்தில் எவ்வாறு நடமாடுவார் என்பதை ஒரு நாளேனும் கேட்டறிந்தோமில்லை. "அந்த வேடத்தை நீ ஏற்றிருப்பாயா?" என்றேன். "என்னை யாரும் கேட்கவில்லையே, ஐயா" என்பதே அவர் மறுமொழி.

அன்று முதல் ஒரு வினா என் உள்ளத்தை விட்டகலாது நிற்கின்றது. உடற்குறையுடைய பாத்திரத்தை அக்குறையுடைய நடிகரே ஏற்றல் வேண்டுமோ? அன்றி, நடிப்புத் திறனுடைய எவரும் ஏற்கலாமோ? இவ்வினா இன்று உலகமெங்கும் நாடகத்தாராலும் திரைப்படத்தாராலும் பெரிதும் வாதிக்கப்படுகின்றது. இதனைப்பற்றி என் அபிப்பிராயத்தை மாணவர்முன்னும் பழைய மாணவர்முன்னும் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், யார் வேண்டுமாயினும் ஏற்கலாம் என்பார் கூற்றை நேர்மையோடு எடுத்துரைப்போம். நடிப்பென்பது தானல்லாத ஒன்றாகத் தன்னை ஆக்கிக்கொள்ளுங் கலை. அரசனாக நடிப்பவன் அரசனாக இருத்தல் வேண்டுமெனின் எந்நாடகமும் அரங்கேறாது. கொலைஞனாக நடிப்பவன் கொலைஞனாக இருத்தல் வேண்டுமெனின் மேடையிலிருந்து நேரே சிறைச்சாலைக்கே செல்லுதல் வேண்டும். அன்றியும், தம்மிடம் இல்லாத குறையைத் தாங்கி நடித்துப் பெரும்புகழ் எய்தினார் பலர். கிறிஸ்டி பிரவுன் என்னும் அயர்லாந்து எழுத்தாளர் மூளைவாதத்தால் உடல் கட்டுப்படாதவராய், இடது காலொன்றையே கொண்டு எழுதியும் ஓவியந் தீட்டியும் வாழ்ந்தவர். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த 'மை லெஃப்ட் ஃபுட்' என்னும் படத்தில் அவராக நடித்த டேனியல் டே லூயிஸ், படப்பிடிப்பு நடந்த காலத்திற் சக்கர நாற்காலியை விட்டு எழாது, பிறர் ஊட்ட உண்டு, அப்பாத்திரமாகவே இருந்தனர் என்பது யாவரும் அறிந்த செய்தி. அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு வெளியான 'பாகப்பிரிவினை'யில், இடது கையும் காலும் முடங்கிய கண்ணையனாகச் சிவாஜி கணேசன் நடித்ததைக் கண்டவர் இன்றும் மறந்திலர். இவை கலையன்று என்று கூற யான் துணியேன்.

சில பாத்திரங்களைக் குறையுடையார் ஏற்றலும் அரிது. 2014ஆம் ஆண்டில் வெளியான 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' என்னும் படத்திற் பௌதிக அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் முதலில் கேம்பிரிட்ஜில் ஓடியாடித் திரியும் மாணவராக வருகின்றார். பின்னர் நோய் முற்றி உடல் முழுவதும் அசைவற்றவராகின்றார். அந்நோய் முற்றிய ஒருவர் அப்பாத்திரத்தின் முற்பகுதியை எங்ஙனம் நடித்தல் கூடும்? எட்டி ரெட்மேய்ன் என்னும் நடிகர் இரண்டு பகுதியையும் நடித்துப் பரிசு பெற்றது முறையே எனலாம்.

நிற்க. இவ்வாதம் முற்றும் உண்மையாயினும் ஒன்றை மறைக்கின்றது. யார் வேண்டுமாயினும் எவ்வேடமும் ஏற்கலாம் என்பது நெறியாயின், உடற்குறையுடையாரும் எவ்வேடமும் ஏற்றல் வேண்டுமன்றோ? அவர்கள் எங்கே? மருத்துவராக, வழக்கறிஞராக, காதலராக, திருடராக அவர்கள் நடிக்கக் கண்டவர் எத்தனை பேர்? கதவு ஒருபுறமாகவே திறக்கின்றது. குறையில்லாதவர் குறையுள்ள வேடத்துக்குள் தாராளமாகப் புகுகின்றனர். குறையுள்ளவரோ தம்முடைய வேடத்துக்கும் அழைக்கப்படுவதில்லை, பிறருடைய வேடத்துக்கும் அழைக்கப்படுவதில்லை.

இதற்கு ஹாரல்டு ரஸ்ஸல் என்பவர் வரலாறே சான்று. அவர் அமெரிக்கச் சேனையில் வெடிமருந்துப் பயிற்சி அளித்து வந்தவர். 1944ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்து, கைகளுக்குப் பதிலாக இரும்புக் கொக்கிகள் பூண்டவர். காயமுற்ற போர்வீரரைப்பற்றிச் சேனையார் எடுத்த செய்திப்படம் ஒன்றில் அவரைக் கண்ட வில்லியம் வைலர் என்னும் இயக்குநர், 1946ஆம் ஆண்டின் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்திற் போரிலிருந்து வீடு திரும்பும் மாலுமியாக அவரை நடிக்கச் செய்தார். நடிப்பையே அறியாத அவர் கொக்கிகளாற் கண்ணாடிக் கிண்ணத்தைப் பிடிப்பதும், தம்மை மணக்கவிருக்கும் பெண்முன் கூச்சத்தோடு நிற்பதும் எந்தத் தேர்ந்த நடிகனும் பழகிப் பெறத்தக்கன அல்ல. அவ்வொரு வேடத்துக்கு அவருக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகள் அளிக்கப்பட்டன. பின்னர் நிகழ்ந்தது யாது? 1980ஆம் ஆண்டு வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, திரைப்படத்தில் அவருக்குச் சொல்லத்தக்க வேடம் ஒன்றுங் கிடைக்கவில்லை. இடைக்காலத்தில் அவர் அங்கவீனருக்கு வேலை தேடித்தரும் அமெரிக்க ஜனாதிபதியின் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அத்துறையிற் பிறருக்கு வேலை தேடியவருக்குத் தம் கலையில் வேலையில்லை.

இனி, உள்ளே இருப்பவர் நடித்தலால் கலைக்கு வரும் ஊதியத்தையும் நோக்குவோம். ஒரே கதை இருமுறை எடுக்கப்பட்ட ஓர் உதாரணம் நமக்குக் கிடைத்திருக்கின்றது. செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் ஒரு பெண் பாடகியாக விரும்புவதே அக்கதை. 2014ஆம் ஆண்டு பிரான்சில் 'லா ஃபமீல் பெலியே' என்னும் பெயரால் அது வெளிவந்தபொழுது, பெற்றோராக நடித்தவர் இருவரும் காது கேட்பவர்கள். பொதுமக்கள் அதனை விரும்பிக் கண்டனர். செவிப்புலனற்றோரோ அவர்கள் சைகையைக் கண்டு வருந்தினர். சைகை மொழி வெறுங் கையசைவன்று. இலக்கணமும் வட்டார வழக்கும் கேலியும் கொச்சையும் உடைய தனி மொழி. ஒரு திங்களிற் கற்ற தமிழைக்கொண்டு தமிழனாக நடிக்கும் அயல்நாட்டானை நாம் எங்ஙனங் கேட்போமோ, அங்ஙனமே அவர்களும் அதனைக் கண்டனர். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் அக்கதையே 'கோடா' என்னும் பெயரால் மீண்டும் எடுக்கப்பட்டபோது, தந்தை, தாய், தமையன் மூவரும் செவிப்புலனற்ற நடிகர்களே. தாயாக நடித்த மார்லி மேட்லின், மற்றவரும் செவிப்புலனற்றவராக இல்லாவிடில் யான் விலகுவேன் என்று வற்புறுத்தியதைத் தாமே கூறியிருக்கின்றார். தந்தையாக நடித்த டிராய் காட்ஸர் குறும்புங் கொச்சையும் கலந்து சைகையிற் பேசும் பேச்சு, எழுதிக் கொடுத்த வசனத்தையும் கடந்து உயிர்பெற்றது. 2022ஆம் ஆண்டில் அவருக்கும் அப்படத்துக்கும் ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

இவ்வழியை முதலிற் சமைத்தது நாடக மேடையே. மார்க் மெடாஃப் எழுதிய 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' என்னும் நாடகத்திற் செவிப்புலனற்ற கதாநாயகியாக ஃபிலிஸ் ஃப்ரெலிக் என்னும் செவிப்புலனற்ற அம்மையார் நடித்து 1980ஆம் ஆண்டில் டோனி பரிசு பெற்றார். அந்நாடகத்தின் செவிப்புலனற்ற பாத்திரங்களை அத்தகைய நடிகரே ஏற்றல் வேண்டும் என்பது ஆசிரியரின் நிபந்தனை. 1986இல் அது படமானபோது அவ்வேடத்தை ஏற்று, இருபத்தொரு வயதில் ஆஸ்கார் பரிசு பெற்றவரே மேற்கூறிய மேட்லின். ஆசிரியர் ஒருவரின் நிபந்தனை இருவரை உலகறியச் செய்தது. அவருள் ஒருவரின் பிடிவாதம் நாற்பது ஆண்டுகட்குள் வேறு இருவர்க்கு வழி திறந்தது. இங்ஙனமே கதவுகள் திறக்கின்றன.

உள்ளே இருப்பவர் நடித்தால் கதையே மாறுதலும் உண்டு. 'பாகப்பிரிவினை'யின் இறுதியிற் கண்ணையனுடைய கையும் காலும் குணமாகிவிடுகின்றன. குணமானாலன்றிக் கதை மங்களமாக முடியாது என்பது அக்காலத்தார் எண்ணம். மெய்யாகவே கை முடங்கிய ஒருவர் அவ்வேடத்தை ஏற்றிருப்பின் அம்முடிவை எழுத இயன்றிருக்குமோ? முடங்கிய கையோடேயே ஒருவன் மனைவி மக்களோடு மகிழ்ந்திருத்தல் கூடும் என்னும் வேறொரு முடிவை ஆசிரியர் தேடவேண்டி வந்திருக்கும்.

ஆயினும், குறையுள்ள வேடம் குறையுள்ளவருக்கே என்று சட்டம்போல விதித்தலையும் யான் ஒப்பேன். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, குறைகள் ஒருதன்மையன அல்ல. பிறவியிலேயே பார்வையற்றவரும் ஐம்பதாம் வயதில் அதனை இழந்தவரும் ஒருவரல்லர். ஒருவர் மற்றவரைப்போல நடிக்கவும் பழகவே வேண்டும். இரண்டாவது, வெளியே தெரியாத குறைகள் பல உள. வேடம் பெறும்பொருட்டு ஒருவர் தம் நோயைச் சபையறியச் சொல்லுமாறு கட்டாயப்படுத்துதல் அறமன்று. மூன்றாவதே மிகப் பெரிது: அவ்விதி பாதுகாப்புப்போல வந்து சிறையாக முடியும். பார்வையற்றவர் பார்வையற்ற வேடமே ஏற்கலாம் என்றால், கதையில் அப்படி ஒருவர் வரும்வரை அவர் திரைக்குப் பின்னேயே காத்திருத்தல் வேண்டும்.

இங்கே நம் மேடை வரலாறு நமக்கு ஒளி காட்டுகின்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையிலும், பின்வந்த பாலர் கம்பெனிகளிலும் பெண் வேடங்களை ஆண்களே தாங்கினர். 'ஸ்திரீபார்ட்' என அதற்கு ஒரு பெயரே உண்டு. இங்கிலாந்திலும் 1660ஆம் ஆண்டு வரை சிறுவரே பெண்களாக நடித்தனர். அவர்களுட் பெருந்திறலோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. அத்திறமையையே காட்டி, பெண்கள் மேடைக்கு வேண்டியதில்லை என்று கூறியவரும் இருந்தனர். கதவு திறந்தபின் நிகழ்ந்ததை நோக்குமின். பெண் வேடத்தைப் பெண்கள் ஏற்றனர், அவ்வளவில் நின்றாரில்லை. 1935ஆம் ஆண்டில் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். பெண்ணுக்கு முதலிற் பெண் வேடம் உரியதாயிற்று; பின்னர் ஆண் வேடமும் எட்டியது. அங்கவீனர் திறத்திலும் இவ்வரிசையே இயல்பானது என்பது என் துணிபு.

ஆகவே யான் வேண்டுவது இது. ஒரு குறையுடைய பாத்திரம் உண்டாயின், அக்குறையுடையாரை முதலில் தேடி அழைத்தல் வேண்டும். தேடியும் கிடைத்திலராயின், அல்லது கதையின் தன்மையால் இயலாதாயின், பிறர் ஏற்கலாம். அப்பொழுதும் அவ்வாழ்க்கையை வாழ்பவரைப் பக்கத்தில் அமர்த்தி அவர் சொற்கேட்டுப் பயிலல் வேண்டும். அறிவுவளர்ச்சி குன்றியோரை நடிக்க வைக்குமிடத்து, அவர்கள் விருப்பையும் மதிப்பையும் இரட்டிப்பாகப் பேணல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறையைப்பற்றிய பேச்சே இல்லாத வேடங்களையும் அவர்களுக்கு வழங்குதல் வேண்டும். இறுதியாகக் கூறியது கைகூடிய நாளில் முதலாவது வாதம் தானே ஓய்ந்துவிடும்.

கைகூடுமோ என ஐயுறுவார்க்கு இரு சான்றுகள் கூறுவேன். நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகே நிகழ்ந்த விபத்தின் விளைவாக ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் ஆடினார். தம் வரலாற்றையே கூறும் 'மயூரி' என்னுந் தெலுங்குப் படத்திலும், 1986இல் வந்த அதன் இந்தி வடிவிலும் தாமே நடித்தார். அவ்வளவோடு அவரை விட்டிருந்தால் ரஸ்ஸலின் கதையே மீண்டும் நிகழ்ந்திருக்கும். ஆனால் அவர் தொலைக்காட்சித் தொடர்களில் வில்லியாகவும் மாமியாராகவும் நெடுங்காலம் நடித்தார். 'தெய்வம் தந்த வீடு' தொடரை நாள்தோறும் பார்த்த நம் இல்லத்தார் அவர் பாத்திரத்தின் கொடுமையைத்தான் வைதனர், காலை நினைத்தாரில்லை. இதனினும் பெரிய வெற்றி யாது? மற்றொருவர் அமெரிக்க நடிகையாகிய அலி ஸ்ட்ரோக்கர். இரண்டு வயதிலிருந்து சக்கர நாற்காலியில் வாழும் அவர், குறையென்பதே குறிக்கப்படாத ஒரு வேடத்தை 'ஓக்லஹோமா' இசை நாடகத்தில் ஏற்று 2019இல் டோனி பரிசு பெற்றார். ஆனால் அன்றிரவு பரிசளிப்பு மண்டபத்திற் சபையிலிருந்து மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லை. பிறரைப்போல இருக்கையிலிருந்து எழுந்து வராது, அவர் மேடைக்குப் பின்னே காத்திருக்க நேர்ந்தது. பரிசு ஆயத்தமாயிருந்தது, பாதை ஆயத்தமாயில்லை.

இச்செய்தியைப் படித்த மாலை, நமது கலாசாலை மண்டபத்துக்குச் சென்று மேடைப் படிகளை எண்ணினேன். எட்டுப் படிகள், கைப்பிடி இல்லை, சாய்தளம் இல்லை. இத்தனை ஆண்டுகள் நாடகம் பயிற்றுவித்தும் அப்படிகளை யான் எண்ணியதில்லை. 2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி நம் நாட்டிலுள்ள மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். கல்வி நிலையங்களின் கட்டடங்கள் அவர்கள் எளிதில் அணுகத்தக்கனவாய் இருத்தல் வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதிக்கின்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், திரையில் அவர்களைச் சித்திரிக்கும் முறைக்கு நெறிகள் வகுத்தபோது, குறையை விளங்கவைக்கும் நகைச்சுவை வேறு, குறையுடையாரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு எனப் பிரித்துக் காட்டியது. அவர்களைப்பற்றிய படைப்பில் அவர்களும் பங்குகொள்ளுதலை வலியுறுத்தியது. நாற்காலியில் மோதிய முதியவரைக் கண்டு எம் சபையோர் நகைத்த நகை எவ்வகையது என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டம் கூறுமுன்னரே இதனை உணர்ந்திருக்க வேண்டியவர் நாம். பாளையங்கோட்டையிற் கண்ணிழந்தார்க்கும் செவிப்புலனற்றார்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி கண்டவர் மிஷன் ஊழியர். அவர்களுக்கு எழுத்தைக் கற்பித்த மரபில் வந்த நாம் அரங்கை மறுத்தல் பொருந்துமோ? எரிகோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவின் வரலாற்றை நாம் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவன் கூப்பிட்டபோது சூழ்ந்திருந்த கூட்டத்தார் அவனை அடக்கினர். ஆண்டவரோ நின்று, அவனை அழைத்து, அவன் வேண்டுவது யாதென்று அவனையே வினவினார். அவன் வேண்டுவது யாவர்க்கும் வெளிப்படையன்றோ என எண்ணத் தோன்றும். எனினும் அவர் வினவினார். குணமாக்குதல் நம் கையில் இல்லை. வினவுதல் நம் கையில் உள்ளது.

மேடைக்குச் சாய்தளமும் படிகளுக்குக் கைப்பிடியும் அமைக்கக் கலாசாலை நிர்வாகத்தாரும் பழைய மாணவர் சங்கத்தாரும் முன்வர வேண்டுகின்றேன். தமிழ்ச் சங்கத்தின் மாணவத் தலைவர்கள், நாடகத்துக்கு ஆள் தேரும் நாளை அறிவிக்கும்போது, பலகையில் ஓர் அறிவிப்பை ஒட்டுவதோடு நில்லாது, அதனைக் காண இயலாதவரிடம் நேரிற் சென்று சொல்லவும் வேண்டுகின்றேன். அன்று என் அறைக்கு வந்த மாணவர் இன்று பட்டம் பெற்று ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கின்றார். அவரை நடிக்கக் காணும் பேறு எமக்கு வாய்க்கவில்லை. அது அவர் குறையன்று, எமது குறை. அவருக்குப் பின்வந்து இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்பவரையேனும், "என்னை யாரும் கேட்கவில்லை" என்று சொல்ல விடாதிருப்போமாக.